வாட்டமும் மூட்டும்

அரை அங்குல ஜி.ஐ. குழாயை அளந்து பார்த்தேன். வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்விட்டம் 16-ஐ ஒட்டி. அரை அங்குலம் என்றால் 12.7. அது இந்தக் குழாயில் எங்கேயும் இல்லை.

கடையில் 15 எம்.எம். என்று கேட்டால் பையன் 'அரையா?' என்கிறான். 20 என்றால் முக்கால். 25 என்றால் ஒன்று.

குழாயின் மேல் வண்ணப்பட்டை. மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. ஏ, பி, சி கிளாஸ் என்றும் சொல்வார்கள். சுவருக்குள் புதைக்கிற குழாய்க்கு மஞ்சள் வாங்கக்கூடாது. குழாயில் மிச்சம் பிடித்த காசு சுவரை உடைக்கிற அன்றைக்குப் போய்விடும்.

மரை. அரைக்கும் முக்காலுக்கும் அங்குலத்துக்கு 14. ஒன்றிலிருந்து மேலே 11. மரையின் கோணம் 55 பாகை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தில் முன்வைத்தது. கொல்கத்தா பவானிப்பூரில் ஒரு பழைய வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து மிஸ்திரி சுற்றுகிற டை இன்றும் அதே கோணத்தில்தான் வெட்டுகிறது.

அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போதுதான் இரும்புச் சீவல் அறுந்து விழுகிறது. ஒரு சொட்டு எண்ணெய். மறுபடி முன்னே.

பின்னே வராமல் ஒரேயடியாகச் சுற்றினால் மரை பிய்ந்துபோகும்.

சணல் சுற்றுகிற கையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஹேக்ஸா பிளேடால் மரையைக் குறுக்கே லேசாகக் கீறுகிறார். வழவழப்பாக இருந்தால் சணல் நழுவும். பிறகு சணலைச் சீவி, முடியளவுக்கு மெல்லிய இழையாக்குகிறார். முதல் மரையை வெறுமனே விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து சுற்றுகிறார். குழாயின் வாய் நம் முகத்தைப் பார்த்தபடி இருந்தால், கடிகாரம் சுற்றுகிற திசை. எதிர்ப்பக்கம் சுற்றினால் ஃபிட்டிங்கை முறுக்கும்போது சணல் உரிந்து வெளியே வந்துவிடும். மேலே வெள்ளை சஃபேதா, விரலால். பிறகு எல்போ. கையால் போகிறவரை கை. அதற்குமேல் ரெஞ்ச்.

எல்போ கொஞ்சம் கூடத் திரும்பிவிட்டது. நேராக்கப் பின்னால் திருப்பலாமே என்று நினைத்தேன்.

அவர் திருப்பவில்லை. முழுக்கக் கழற்றினார். சணலைப் பிய்த்தெறிந்து புதிதாகச் சுற்றினார்.

"பின்னால் ஒரு நூல் திருப்பினாலும் ஒழுகும், பாபு. இன்றைக்கு ஒழுகாது. நீங்கள் பெயிண்ட் அடித்த பிறகு ஒழுகும்."

"எந்த ஊர், தாதா?"

"கேந்திரபாடா."

கேந்திரபாடா, ஒடிசாவின் கடலோர மாவட்டம். பட்டாமுண்டை, ஆளி, ராஜ்கனிகா. மகாநதி, பிராமணி, பைதரணி ஆறுகளின் கழிமுகம். வெள்ளமும் புயலும் வந்துபோகிற மண். அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர்கள் வெள்ளைக்காரர் காலத்துக் கம்பெனிகளில் கையாளாகச் சேர்ந்து குழாய் வேலை கற்றார்கள். 1947 பிரிவினையில் இங்கிருந்த முஸ்லிம் பிளம்பர்கள் பலர் கிழக்குப் பாகிஸ்தான் போனார்கள். காலியான இடத்தில் ஒடியாக்கள். பிறகு தில்லி, மும்பை, சென்னை, வளைகுடா.

அப்பாவிடம் மகன், மாமாவிடம் மருமகன். கையாளாக இருந்தே கற்றுக்கொள்கிற தொழில். 2010-இல் பட்டாமுண்டையிலேயே பிளம்பிங் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு அரசுப் பயிற்சி நிலையம் வந்தது.

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டு. வெட்டுவது, மரை போடுவது, மூட்டு போடுவது, வாட்டம் பார்ப்பது, படம் படிப்பது. படம் படிக்கத் தெரிந்தவருக்குக் கூலி வேறு.

கல்லூரித் தெரு. வடக்கே புத்தகம். தெற்கே பௌபஜார் பக்கம் நடந்தால் வாஷ் பேசின், கமோடு, பித்தளைக் குழாய், ஷவர். பெரும்பாலான வாசகர்கள் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஜீவன்ஸ்மிருதியில் தாகூர் சொல்வது: குழாய்த் தண்ணீர் நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த காலம். ஜோராசாங்கோ வீட்டில் அப்பாவின் அறை மூன்றாம் மாடியில். அங்கே குளியலறை வரை தண்ணீர் ஏறியது. சிறுவன் ஷவரைத் திறந்துவிட்டு நின்றான்.

அந்தத் தண்ணீரை அனுப்பிய பல்தா நீர் நிலையம் 1870. தொடக்கத்தில் நாளைக்கு 60 லட்சம் காலன். தாகூருக்கு அப்போது ஒன்பது வயது.

மூன்றாம் மாடிவரை, வீட்டில் மோட்டார் இல்லாமல்.

அதற்கு முன்னால்? தை மாசி வாக்கில் ஆட்கள் கங்கையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து, கீழ்த்தள இருட்டறையில் பெரிய ஜாடிகளில் நிரப்புவார்கள். வருஷத்துக்குக் குடிக்க அதுதான். இதையும் அவரே எழுதியிருக்கிறார், சிறுவயது நினைவுகளில். தெளிந்த நீர் வேண்டுமென்றால் மழைக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். கங்கை இங்கே ஹூக்ளி. மழைக்காலத்தில் சேறு.

1884. ராபர்ட் கோச் கல்கத்தாவில். காலரா பரவிய இடத்தில் ஒரு குளம். சுற்றிலும் இருந்தவர்கள் அதில் குளித்தார்கள், துவைத்தார்கள், அதையே குடித்தார்கள். குளத்து நீரில் அந்தக் கிருமி இருந்தது.

குடிக்கிற நீரும் கழிவு நீரும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பிளம்பிங் படிக்கிறவனுக்கு இதற்கு மேல் ஒரு விதி சொல்லித்தர வேண்டியதில்லை.

நகரத்தின் மேல்நிலைத் தொட்டி, டாலா தொட்டி. அடிக்கல் 18 நவம்பர் 1909. பயன்பாட்டுக்கு வந்தது 1911. இரும்புத் தூண்களின் மேல் இரும்புத் தொட்டி. 110 அடி உயரம். 90 லட்சம் காலன். உள்ளே நான்கு அறைகள். ஒன்றை மூடிப் பழுது பார்க்கும்போது மற்றவை ஓடும். அண்மை ஆண்டுகளில் அப்படித்தான் ஒவ்வொரு அறையாகச் செப்பனிட்டார்கள். நகரத்துக்குத் தண்ணீரை நிறுத்தவில்லை.

நூறு வருஷத்துக்குப் பிறகு பழுது பார்க்க வருகிறவனை நினைத்து வரைந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கும் இதே பாடம். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு. ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் ஒரு யூனியன். யூனியன் இல்லாத வரிசையில் நடுவில் ஒரு குழாய் கெட்டால் கடைசியிலிருந்து கழற்றிக்கொண்டே வர வேண்டும்.

10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம், ஒரு சதுர செண்டிமீட்டரில். 110 அடி என்றால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வழியில் உராய்வு தின்கிறது. கசிவு தின்கிறது. இடையில் இருக்கிற வீடுகள் எடுத்துக்கொள்கின்றன.

இன்றைக்கு எங்கள் லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டில் கீழ்த்தளக் குழாயிலேயே தண்ணீர் நூல்போல. காலையில் சில மணி நேரம், நடுவில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். தரைக்கடியில் ரிசர்வாயர். மோட்டார். மேல்தொட்டி. சென்னையில் சம்ப் என்போம்.

தண்ணீர் வருமுன் குழாய் இருமுகிறது. காற்று. பிறகு கொஞ்சம் துருநிறம். பிறகு தெளிவு.

காற்று வருகிறது என்றால் அதுவரை குழாய் காலியாக இருந்தது. காலிக் குழாய் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை. இடையில் ஒரு பழைய மூட்டு.

மோட்டாரை நேராக மெயின் லைனிலேயே மாட்டி உறிஞ்சுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பங்கு போகிறது. கூடவே மண்ணில் இருப்பதும் வருகிறது. செய்யக்கூடாத வேலை. கூலி இரண்டு மடங்கு தந்தாலும்.

ஃபெரூல்.

கொல்கத்தாவில் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொருள், யாரும் கண்ணால் பார்க்காதது. தெருவுக்கடியில் போகிற மெயினில் துளை போட்டு, மரை வெட்டி, முறுக்கி ஏற்றுகிற பித்தளைத் துண்டு. அங்கிருந்துதான் வீட்டுக்குக் குழாய் பிரிகிறது. உள்ளே ஒரு திருகு. அதை இறக்கினால் வீட்டுக்கு நீர் நிற்கும்.

மெயினிலிருந்து நேராக இழுக்கக்கூடாது. அன்னத்தின் கழுத்துபோல் ஒரு வளைவு விட வேண்டும். மேலே லாரி போகும், மண் இறங்கும், குழாய் அசையும். வளைவு இருந்தால் அசைவைத் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஃபெரூல் முறியும்.

வண்டலும் துருவும் அதன் சின்ன வாயில்தான் அடைக்கின்றன. ஃபெரூல் சுத்தம் செய்ய மாநகராட்சியில் மனு போடுகிறார்கள். பல வீடுகளில் மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள், தொட்டியை மாற்றியிருக்கிறார்கள், உள்குழாய் முழுவதையும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் தெருவைத் தோண்டினால் ஃபெரூலின் வாயில் கட்டைவிரல் நகமளவு துருப்பத்தை.

பழுது எங்கே என்று தேடுவது தனித் திறன். உபகரணம் வாங்கிக் கற்றுக்கொள்ள முடியாது. எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எப்போதிலிருந்து, பக்கத்து வீட்டில் எப்படி. முதலில் நாலு கேள்வி. பிறகுதான் ரெஞ்ச்.

இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து மறுமுனையில் காதை வைக்கிறார்கள். இரவில், தெரு அடங்கின பிறகு. கசிவுக்கு ஒரு சீறல் உண்டு.

நகரத்தில் இன்னொரு குழாய் வரிசையும் ஓடியது. வடிகட்டாத கங்கை நீர். ஹௌரா பாலத்தை ஒட்டி மல்லிக் காட் நீரேற்று நிலையம். தெரு கழுவ, தீயணைக்க, கழிப்பறையில் ஊற்ற. காலையில் தெருவோரத்தில் பழுப்பு நீர் பொங்கும். அதில் ஆட்கள் குளிப்பார்கள். கங்கை நீர் என்பதால் தயக்கமில்லை.

பழைய வீடுகளில் இரண்டு லைனும் உள்ளே வந்தன. பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் இரும்பு, இரண்டும் ஒரே பெயிண்ட். எது எது என்று தெரியாமல் ஒரு டீ போட்டு இணைத்துவிட்டால்?

வண்ணம் அடித்து வை. அம்புக்குறி போடு. பெயர் எழுது. அடுத்து வருகிறவன் உன்னிடம் வந்து கேட்கமாட்டான்.

பிஷ்தி. தோல்பையில் தண்ணீர் சுமக்கிறவர். மத்திய கொல்கத்தாவில் போ பேரக்ஸ் பக்கம் இன்னும் சிலர். ஒரு பை ஏறத்தாழ 30 லிட்டர். மாடிப்படி ஏறுகிறார். குழாய் ஏறாத மாடி இன்னும் இருக்கிறது.

டிராப். குழாய் வளைவில் நிற்கிற 50 மில்லிமீட்டர் தண்ணீர். அவ்வளவுதான் காவல். அலெக்ஸாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை வாங்கிய வளைவு. 

ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. திறந்ததும் நாற்றம். எலி செத்துவிட்டது என்று தேடுவார்கள். தரையில் இருக்கிற நஹானி டிராப் காய்ந்திருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஹாங்காங், அமாய் கார்டன்ஸ் குடியிருப்பு, மார்ச் 2003. சார்ஸ். அங்கே 300 பேருக்கு மேல் நோய். ஆராய்ந்தவர்கள் கைகாட்டிய காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரையின் டிராப்புகள் காய்ந்து கிடந்தது. குளியலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வைத்திருந்தார்கள்.

ஒரு சொம்பு.

மேல்மாடியில் ஃபிளஷ் செய்தால் கீழ்வீட்டு வாஷ் பேசினில் களக் களக் என்று சத்தம். வென்ட் இல்லை, அல்லது அடைத்திருக்கிறது. விழுகிற நீர் பின்னால் காற்றை இழுக்கும். காற்று கிடைக்காவிட்டால் டிராப்பில் நிற்கிற தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். மொட்டைமாடியில் வென்ட் குழாய் வாயைக் காகிதம் திணித்து மூடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பறவை கூடு கட்டும் என்று மூடுகிறார்கள். வலை போடலாம்.

வாட்டம். நாலு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு ஒன்றிலிருந்து 60-க்கு ஒன்று வரை. படுத்துவிட்டால் நிற்கும். ரொம்பச் சரித்தால் தண்ணீர் ஓடிவிடும், கனமானது தங்கிவிடும். இரண்டும் அடைப்பு.

ரசமட்டம் வேண்டாம் என்கிறார் மிஸ்திரி. பத்து அடி நிறமற்ற ட்யூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் சுவரில் பிடித்துக் கோடு. தண்ணீர் பொய் சொல்லாது.

கொல்கத்தாவின் வாட்டம் கிழக்கே. ஆறு மேற்கே.

மனிதர்கள் ஆற்றைப் பார்த்து வீடு கட்டினார்கள். மண்ணோ ஆற்றுக்கு முதுகைக் காட்டி உப்பு ஏரிகளைப் பார்த்துச் சரிகிறது. கழிவை ஆற்றுக்குத் தள்ளினால் மேட்டில் ஏற்ற வேண்டும். வில்லியம் கிளார்க் கிழக்கே கொண்டுபோனார். வேலை 1859-இல் தொடக்கம், 1875 வரை. செங்கல் சாக்கடைகள், ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்திலும் சில. மழையும் கழிவும் ஒரே வழி.

ஒரே வழி என்பதால்தான் தன்தனியாப் பகுதி மூழ்குகிறது. மழை கொட்டினால் அங்கே முழங்கால் தண்ணீர். ஹூக்ளியில் ஏற்றம் என்றால் மதகுக் கதவுகளை மூட வேண்டும். பம்புகள் மட்டும். கீழ்த்தள வீடுகளில் தரை டிராப் வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. துணியைப் பந்தாகச் சுருட்டி அடைத்து, மேலே அம்மிக்கல்.

ஒரு திசை வால்வு போட்டால் அம்மிக்கல் வேண்டாம். அதைத் திறந்து சுத்தம் செய்ய ஒரு சேம்பர் விட வேண்டும். விடுவதில்லை.

கிழக்கே 12,500 ஹெக்டேர். கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம். ராம்சர் பட்டியலில் ஆகஸ்ட் 2002. கழிவு நீர் குளங்களில் தேங்கி, வெயில் பட்டு, பாசி பிடித்து, மீனாகிறது. பக்கத்தில் காய்கறி. துருவஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர் அங்கே போய்ப் பார்த்து, மீனவர்களிடம் கற்று, உலகத்துக்குச் சொன்னார். 2018-இல் காலமானார்.

வாஷ் பேசின் தண்ணீர் வீட்டைவிட்டுப் போய்விடுவதாக நினைக்கிறோம். சந்தையில் மீன் வாங்குகிறோம்.

வீடுகளின் பின்பக்கச் சந்து. மேத்தர் கலி என்று பெயர். சுழல் இரும்புப் படிக்கட்டு, பின்சுவரை ஒட்டி. துப்புரவு செய்கிறவர் வீட்டுக்குள் வராமல் ஏறி இறங்க. குழாய் வந்த பிறகும் படிக்கட்டு நிற்கிறது. துருப்பிடித்து. படிகள் சில இல்லை.

அதே சந்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள். மூட்டுகளில் சணல் கயிறு திணித்து, ஈயம் உருக்கி ஊற்றி, உளியால் அடித்து இறுக்கியவை. மூட்டில் விரிசல் இருக்கிற இடத்தை அரசங்கன்று காட்டிக்கொடுக்கிறது. இலை பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் கசிவு. கன்றை வெட்டினால் மறுபடி வரும். மூட்டைச் சரிசெய்தால் வராது.

ஹௌரா. பெலிலியஸ் சாலைப் பக்கம் பட்டறைகள். வார்ப்பாலைகள். மேன்ஹோல் மூடிகள் இங்கே வார்த்து நியூயார்க் வரை போயின. வார்க்கிறவர்கள் சிலர் வெறுங்காலோடு உருகிய இரும்பைச் சுமந்த படங்களை 2007-இல் உலகம் பார்த்தது.

மூடிக்கு மேலே நடக்கிறவர்கள் ஓர் ஊரில். வார்த்தவர்கள் ஓர் ஊரில். மூடிக்குக் கீழே?

29 ஜனவரி 2025. உச்ச நீதிமன்றம் ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதைத் தடை செய்தது. கொல்கத்தாவும் சென்னையும் அதில் உண்டு. 2 பிப்ரவரி 2025. பான்தலா தோல் தொழிற்பேட்டையில் சாக்கடை சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நான்கு நாள்.

2013-இல் இதைத் தடுக்கச் சட்டம். 2023-இல் சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம். சாக்கடைக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று இறங்குகிறார்கள். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர்.

பயிற்சி ஏட்டின் முதல் பக்கத்தில் இது வர வேண்டும். குழாய் வெட்டுவதற்கு முன்னால். இறங்காதே. கீழே இருப்பவனை இழுக்கவும் இறங்காதே. யார் சொன்னாலும்.

சி.பி.வி.சி. வெளிர்மஞ்சள் குழாய். இப்போது இதுதான் எங்கும். சுடுநீருக்கும் தாங்கும். வெள்ளை பி.வி.சி. கீஸர் பக்கம் போகக்கூடாது. வெட்டு சதுரமாக இருக்க வேண்டும். உள்ளும் வெளியும் பிசிரை எடுக்க வேண்டும். சால்வெண்ட் தடவி, நுழைத்து, கால் சுற்று திருப்பி, முப்பது விநாடி அப்படியே பிடி. விட்டுவிட்டால் குழாய் மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது.

முப்பது விநாடி பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் சும்மா நிற்பதாகத்தான் தோன்றும்.

சொட்டுகிற குழாய். விநாடிக்கு ஒரு சொட்டு. நாளைக்கு 86,400 சொட்டு. சின்னச் சொட்டு என்றாலும் நான்கு லிட்டர் தாண்டும். இரண்டு ரூபாய் வாஷர். இறுக்கி இறுக்கி மூடினால் வாஷர் போய், சீட்டும் போய்விடும்.

தெருக்குழாய்கள் பலவற்றில் திருகே இல்லை. தண்ணீர் விடுகிற நேரம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்க்கிறபோதெல்லாம் வயிறு எரிகிறது. பல்தாவில் சேற்றைப் பிரித்து, மணலில் வடித்து, டாலாவில் 110 அடி ஏற்றிய தண்ணீர்.

பூசுவதற்கு முன் சோதனை. எல்லா வாயையும் பிளக் போட்டு மூடு. தண்ணீர் நிரப்பு, காற்றை வெளியேற்று, கைப்பம்பால் அழுத்தம் ஏற்று. கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். இரவு முழுக்க விடு. முள் இறங்கினால் மூட்டு மூட்டாக விரலால் தடவு. பிறகு படம் எடு, பக்கத்தில் டேப் நீட்டி வைத்து. ஆணியடிக்கிறவனுக்கு உதவும்.

கொத்தனார் அவசரப்படுத்துவார். விடாதே.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும். மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திற. வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு, குழாய் வெடிக்கிற அன்றைக்கு மூடாது.